மக்காச்சோளம் காய்ந்த மலைச்சாலை

அனந்தமதிக்கு வண்டி ஓட்டத் தெரியாது. மொபெட் கூட ஓட்டியதில்லை. அவள் ஏறியதிலேயே உயரமான இடம் செஞ்சிக் கோட்டையின் ராஜகிரி. அதுவும் கல்லூரிச் சுற்றுலாவில் முக்கால்வாசி ஏறிவிட்டு, படிகளில் சிந்திக் கிடந்த பிளாஸ்டிக் கவர்களைப் பார்த்து முகம் சுளித்துக்கொண்டு இறங்கியவள். ஆனால் பெரு நாட்டில், ஆண்டீஸ் மலையில், கடலோரப் பாலைவனத்தில் புறப்பட்டு நாலாயிரத்து ஐந்நூறு மீட்டர் ஏறி அந்தப் பக்கத்துப் பள்ளத்தாக்கில் இறங்கும் சாலைகளைப் பற்றி அவளிடம் கேட்கலாம். எங்கே தார் முடிகிறது, எங்கே ஜல்லி தொடங்குகிறது, எந்த வளைவில் பத்துச் சக்கர லாரி ஒரே மூச்சில் திரும்பாது என்று திரையைப் பார்க்காமலே சொல்லுவாள். ஆறு வருடமாக அதுதான் அவள் வேலை.

அலுவலகம் திண்டிவனத்தில், மேம்பாலத்துக்குப் பக்கத்தில், இரும்புக் கடைக்கு மேலே மாடியில் இருக்கிறது. கீழே கம்பி வெட்டும் சத்தம், மேலே நாற்பத்திரண்டு கம்ப்யூட்டர். வெளிநாட்டில் வரைபடம் தயாரிக்கும் கம்பெனி ஒன்று காரின் கூரையில் கேமராவைப் பொருத்தி மலைச்சாலைகளில் ஓட்டிப் படம் எடுக்கிறது. பத்து மீட்டருக்கு ஒரு படம். அந்தப் படங்களும், மேலேயிருந்து எடுத்த செயற்கைக்கோள் படமும் சேர்ந்து இங்கே வரும். சாலையைத் துண்டு துண்டாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டும் தாரா ஜல்லியா மண்ணா, அகலம் எவ்வளவு, ஓரத்தில் தடுப்புச் சுவர் உண்டா, மேலேயிருந்து பாறை சரிந்து கிடக்கிறதா, தண்ணீர் சாலையைத் தாண்டி ஓடுகிறதா என்று குறிக்க வேண்டும். கடைசியில் ஒரு நிறம் கொடுக்க வேண்டும். லாரி போகலாம் என்றால் மஞ்சள். பார்த்துப் போ என்றால் ஆரஞ்சு. வழி இல்லை, அல்லது வழி உண்டு என்பதற்கு ஆதாரம் இல்லை என்றால் சாம்பல். ஒரு துண்டுக்கு நாற்பது விநாடி. அங்கே லாரி ஓட்டுகிறவனின் கைப்பேசியில் இவர்கள் கொடுத்த நிறம்தான் தெரியும்.

அனந்தமதியின் பிறந்த வீடு கிளியனூரிலிருந்து உள்ளே இரண்டு கிலோமீட்டர். ஊரில் நயினார் வீடு என்று கேட்டால் அந்த வீட்டைத்தான் காட்டுவார்கள். சமணக் குடும்பம், சொந்த நிலத்தில் பயிர் வைக்கிறவர்கள். அந்த வீட்டில் பருப்பை இரண்டு தரம் ஆய்ந்து, வெளிச்சத்தில் மூன்றாம் தரம் பார்த்த பிறகுதான் உலையில் போடுவார்கள். ஒரு சின்னப் பூச்சியும் வெந்து சாகக் கூடாது. ஐந்து வயதிலிருந்தே முறத்தின் முன் உட்கார்ந்த அனந்தமதிக்கு, முழுசாய் இருக்கிற மல்லாட்டையிலேயே, வேர்க்கடலைத் தோலை உடைக்காமலே, உள்ளே புழு இருப்பது தெரிந்துவிடும். கையில் எடுக்க மாட்டாள், கண்ணாலேயே காட்டுவாள். பொறுக்கியது ஒன்று பிசகியிருந்தால் முறம் முழுவதையும் கொட்டி முதலிலிருந்து தொடங்குவாள். கணக்குப் பாடத்தில் பட்டம் வாங்கினாள். கல்யாணமாகித் திண்டிவனத்துக்கே குடிவந்தாள். கணவர் புதுச்சேரியில் மருந்து விற்பனைக்காரர். மகள் ஸ்ரீநிதி நான்காம் வகுப்பு படிக்கிறாள்.

இப்படிப்பட்டவளுக்கு அந்த அலுவலகத்தில் நாள் முழுக்க அருவருப்பாகத்தான் இருந்தது. மிக்சர் தின்ற கையோடு மவுசைப் பிடிக்கிறார்கள். எச்சில் டம்ளரைக் கீபோர்டுக்கு மேலே வைக்கிறார்கள். அதையெல்லாம் துடைத்துக்கொள்ளலாம். துடைக்க முடியாத ஒன்று, ‘தோராயமா போட்டுடு’ என்ற பேச்சு. நாற்பது விநாடியை முப்பதில் முடித்துவிட்டு மீதி நேரத்தில் போனைப் பார்ப்பதற்காகத் தோராயமாகப் போடுவார்கள். அந்தச் சொல்லைக் கேட்டாலே அவளுக்கு அடி நாக்கில் கசக்கும்.

இரண்டு வருடத்துக்கு முன்னால் நடந்தது இது. மலைச்சாலைகளின் ஓரத்தில் கூரை போட்ட சின்னச் சின்னக் கட்டடங்கள் நிறைய வந்தன. எல்லாரும் அவற்றைப் பஸ் நிழற்குடை என்று குறித்துக்கொண்டிருந்தார்கள். நம் ஊரில் சாலையோரம் கூரையோடு ஒன்று நின்றால் வேறு என்னவாக இருக்கும்? அடுத்த இருக்கை ராஜ்குமாருடையது. கண்டமங்கலத்திலிருந்து தினமும் பைக்கில் வருகிற இருபத்துநாலு வயதுப் பையன், வேகமான கை. அவன் திரையை எட்டிப் பார்த்தாள் அனந்தமதி.

“ராஜ்குமார், இது என்னாது?”

“நிழற்குடைக்கா.”

“பக்கத்துல கிலோமீட்டர் கல்லு நிக்குது பாரு. கல்லு இதவிட ஒசரமா இருக்குது. முட்டி ஒசரத்துக்கு நிழற்குடை கட்டுனா எவன் உள்ள பூந்து நிப்பான்?”

“நாய்ங்க நிக்கும்கா. அங்க நாய் ஜாஸ்தி.”

“ஒரே வளைவுல பதினோரு ஸ்டாப்பு வச்சிருக்கியே. பஸ்ஸு எங்கதான்டா கெளம்பும்?”

படத்தைப் பெரிதாக்கியபோது உள்ளே ஒரு சிலுவை, பிளாஸ்டிக் பூ, சட்டை போட்ட ஒரு ஆளின் போட்டோ தெரிந்தன. அந்த வளைவில் வண்டியோடு உருண்டு செத்தவர்களுக்கு அவர்கள் குடும்பத்தார் கட்டி வைத்த சின்ன வீடுகள் அவை. பதினொரு வீடு என்றால் பதினொரு தரம் அந்த வளைவு ஆளைத் தின்றிருக்கிறது. அதைப் பஸ் ஸ்டாப் என்று சொல்லி அனுப்பிக்கொண்டிருந்தார்கள். இரண்டு சனிக்கிழமை உட்கார்ந்து இருநூற்றுப் பன்னிரண்டு நிழற்குடைகளை அழித்து, அந்த வளைவுகளை எல்லாம் ஆபத்து என்று மாற்றினாள். டீம் லீடர் திருமுருகன் வாட்ஸ்அப் குழுவில் ‘சூப்பர் டீம்’ என்று போட்டு, கை தட்டும் பொம்மைகளை வரிசையாக ஒட்டினான். டீம் என்ன செய்தது என்று அனந்தமதிக்கு விளங்கவில்லை.

இந்த வருடம் தரச் சரிபார்ப்பாளர் பதவி ஒன்று காலியாக வந்தது. மற்றவர்கள் முடித்த ஃபைலைப் பார்த்துக் கையெழுத்து வைத்து அனுப்புகிற வேலை. அதற்கு நாற்பது விநாடிக் கெடு கிடையாது. அதைவிடப் பெரிய விஷயம், அது எப்போதும் பகல் ஷிஃப்ட். இப்போதோ வாரம் மாற்றி வாரம் இரண்டு மணி முதல் பத்து மணி வரை உட்கார வேண்டியிருந்தது. அவள் வழக்கத்தில் பொழுது சாய்ந்தால் சாப்பாடு இல்லை. அந்த வாரங்களில் ஐந்தரைக்கு டிபன் பாக்ஸைத் திறந்து, மற்றவர்கள் பஜ்ஜி வாடையோடு வேடிக்கை பார்க்க, அவசரமாக விழுங்கிக்கொண்டிருப்பாள். வீட்டில் ஸ்ரீநிதி பக்கத்து வீட்டு ஆர்த்தி வாயிலிருந்து வாய்ப்பாடு கேட்டுக்கொண்டிருப்பாள். அந்தப் பதவி கிடைத்தால் இந்தக் கூத்து முடியும். மூன்று மாத ஸ்கோர் நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டுக்குக் குறையக் கூடாது என்பது விதி. மாடியில் இரண்டே பேருக்கு அது இருந்தது. அனந்தமதிக்குத் தொண்ணூற்றெட்டுப் புள்ளி இரண்டு. ராஜ்குமாருக்குத் தொண்ணூற்றெட்டு. வெள்ளிக்கிழமை அறிவிப்பு.

புதன்கிழமை காலையில் அவளுக்குக் கத்தாழைப் பள்ளத்தாக்கின் அக்கரை ஃபைல் வந்தது.

அந்தப் பள்ளத்தாக்குக்கு உண்மையில் வேறு பெயர். அது யார் வாயிலும் நுழையவில்லை. சாலையின் இரண்டு ஓரமும் கத்தாழை வேலி நின்றதால் ஆபீசில் அந்தப் பெயரே நிலைத்துவிட்டது. மேலே கணவாயில் புல்லைத் தவிர ஒன்றும் முளைக்காது. அங்கிருந்து முப்பத்தொரு ஊசி வளைவு இறங்கினால், விளக்கில்லாத சுரங்கம் இரண்டு. ஒன்றில் எதிரெதிரே இரண்டு வண்டி போக முடியாது. அதைத் தாண்டி மலைத் தண்ணீர் சாலையின் மேலேயே வழிந்து தாரை அரித்துக்கொண்டு போகிற இடம். பிறகு தைல மரங்கள், மண் சுவர் வீடுகள், மக்காச்சோளக் கொல்லைகள், ஒரு ஊர். ஊரைத் தாண்டினால் சாலை ஆற்றின் மேலே பாறையைக் குடைந்து, ஒரு லாரி அகலத்துக்குப் போகிறது. ஒரு பக்கம் பாறை, இன்னொரு பக்கம் ஒன்றுமில்லை. அந்தத் தொங்கலில் பதினெட்டுத் துண்டு. அதன் நடுவில் ஆற்றின் மேல் ஒரு பாலம். பாலத்தைத் தாண்டி அக்கரை ஊர்.

இக்கரை ஃபைலை நாலு மாதத்துக்கு முன்னால் முடித்தவள் அனந்தமதிதான். கேமரா கார் ஊர்க் கடைசி வரை வந்து நின்றிருந்தது. அங்கே சாலை முழுக்க மக்காச்சோளம் காயப் போட்டிருந்தார்கள். காரைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார்கள். அதற்கு அப்பால் காரின் படம் கிடையாது. படத்தைப் பார்த்தபோது அவளுக்கு அன்று ஒரு சந்தோஷம். தானியத்தின் மேல் டயரை ஏற்றாமல் திரும்பிப் போயிருக்கிறார்களே, மரியாதை தெரிந்தவர்கள் என்று நினைத்தாள். கிளியனூர்ப் பக்கத்தில் நல்ல தார் இருக்கிற இடம் பார்த்துத்தான் காயப் போடுவார்கள். சோளம் காயப் போடுகிற அளவுக்கு வழுவழுப்பாக இருந்தால் சாலை நல்ல சாலை. செயற்கைக்கோள் படத்திலும் கறுப்புக் கோடாகத் தார் தெரிந்தது. பாலம் இருந்த இடத்தில் மலையின் நிழல் விழுந்திருந்தது. பதினெட்டுத் துண்டுக்கும் மஞ்சள் போட்டு அனுப்பிவிட்டாள்.

இப்போது அக்கரையின் படங்கள். அங்கேயும் கார் ஊர்க் கடைசி வரை வந்து நின்றிருந்தது. அங்கேயும் சாலை முழுக்க மக்காச்சோளம். சோளத்துக்கு அப்பால் சாலையின் குறுக்கே ஒரு மண் மேடு. அவள் படத்தைப் பெரிதாக்கினாள். சோளத்தின் ஓரத்தில் வரிசையாகக் கல் வைத்திருந்தார்கள். அந்த வரிசை சாலையோடு நீளவாக்கில் போகவில்லை. ஒரு ஓரத்திலிருந்து இன்னொரு ஓரத்துக்குக் குறுக்கே போனது.

பழைய ஃபைலைத் திறந்து இக்கரைப் படத்தைப் பார்த்தாள். அங்கேயும் குறுக்கேதான். நாலு மாதத்துக்கு முன்னாலும் அந்தக் கல் அங்கேதான் இருந்திருக்கிறது. அவள் பார்க்கவில்லை.

மதிய இடைவேளையில் மாடிப்படியில் நின்று அண்ணன் சுமதிகுமாருக்குப் போன் செய்தாள். அவர் பத்தாவதோடு நிறுத்திக்கொண்டு நிலத்தைப் பார்க்கிறவர்.

“அண்ணா, புயல்ல நம்ம ஓடைத் தரைப்பாலம் போச்சே, அப்ப மல்லாட்டைய ரோட்டுல எப்படிண்ணா காயப் போட்டோம்?”

“சாப்டியா இல்லியா நீ? எடுத்த ஒடனே மல்லாட்டைன்ற.”

“சொல்லுண்ணா.”

“ரோடு முழுக்கப் போட்டோம். மார்கழில போன பாலம், பங்குனி வரிக்கும் எவனும் எட்டிக்கூடப் பாக்கல. வண்டி எதுவும் வராது. நம்ம வாசல் மாதிரி ஆயிடுச்சு. ஏன், அந்த ஊர்ல எவனாவது மல்லாட்டை போட்டுக்கினு இருக்கானா?”

“மக்காச்சோளம்.”

“கல்லு எப்படி வச்சிக்கிறான்?”

“குறுக்கால.”

அந்தப் பக்கம் ஓடிக்கொண்டிருந்த பம்பு செட்டை அவர் நிறுத்துவது கேட்டது.

“குறுக்கால வச்சான்னா அந்த ரோடு செத்துப் போச்சும்மா. வண்டி வர்ற ரோடா இருந்தா பாதிய விட்டுட்டு ஓரமா போடுவான், கல்ல நீட்டுக்கு வப்பான். பஸ்ஸு வர்ற ரோடா இருந்தா நாமளே கேப்பைத் தாள நடுவுல போட்டுடுவோம், டயரே அடிச்சுக் குடுத்துடும். காய வக்கிற பண்டத்த முழு ரோட்டுலயும் போட்டுக் குறுக்கால கல்லும் வச்சான்னா, இதுக்கு மேல எவனும் வர மாட்டான்னு தெரிஞ்சு வச்சிருக்கான்.”

“ரெண்டு பக்கத்து ஊர்லயும் அப்படித்தான் வச்சிருக்காங்க.”

“அப்ப நடுவுல ஏதோ போயிடுச்சு. பாலம் ஏதாச்சும் இருக்குதா?”

“இருக்குது,” என்றாள். பிறகு, “வரைபடத்துல இருக்குது,” என்றாள்.

“நீ என்னான்னு எழுதிக்கிற?”

“வண்டி போலாம்னு.”

அண்ணன் திட்டியிருந்தால் கூடத் தேவலை என்று இருந்தது. “சாப்டு மொதல்ல,” என்று போனை வைத்துவிட்டார்.

அவள் சாப்பிடவில்லை. டிபன் பாக்ஸைத் திறந்தாள், எலுமிச்சை சாத வாடை வந்ததும் மூடிவிட்டாள். ஒரு லாரிக்காரன் கைப்பேசியில் மஞ்சள் கோட்டைப் பார்த்துக்கொண்டு வருவான். ஊர்க்காரர்கள் யாரும் வெளியே இல்லாத நேரமாக இருந்தால், சோளத்தை அள்ளி முடித்த பருவமாக இருந்தால், அவனைத் தடுக்க அந்தக் கற்கள்தான். அதை ஒதுக்கிவிட்டு ஏறுவான். ஒரு லாரி அகலத் தொங்கலில் பாலம் வரைக்கும் போய், அங்கே பாலம் இல்லாமல், திருப்ப இடமும் இல்லாமல், அத்தனை தூரமும் ரிவர்ஸிலேயே வர வேண்டும். அந்த மாதிரி இடங்களில்தான் முட்டி உயரத்துக்குச் சின்ன வீடுகள் முளைக்கின்றன. இவ்வளவையும் தெரிந்தவள், ராஜ்குமாரைப் பார்த்து அத்தனை வாய் பேசியவள், நாற்பது விநாடியில் மஞ்சள் போட்டிருக்கிறாள். அவளுக்கு மற்ற எவரையும் விடத் தன்மேல்தான் அதிகமாகக் குமட்டியது.

முடித்து அனுப்பிய ஃபைலைத் திருத்துவதற்கு ஒரு படிவம் உண்டு. அதை டீம் லீடர்தான் திறந்துவிட வேண்டும். திருமுருகன் விழுப்புரத்துக்காரன், அவளைவிட நாலு வயது சின்னவன். வேலை வாங்கும்போது மேடம் என்பான், காரியம் ஆக வேண்டும் என்றால் அக்கா என்பான். நகத்தைக் கடித்துத் துப்புகிற பழக்கம். அவன் மேசையில் அந்தத் துணுக்குகள் கிடக்கும்.

“விடுங்கக்கா,” என்றான் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு.

அக்கா என்று தொடங்கியதுமே அவளுக்குத் தெரிந்துவிட்டது.

“அக்கரையில மண்ணு மேடு இருக்குதுல்ல. ரோடு வேலை நடக்குதுன்னு போட்டு இந்த ஃபைல முடிங்க. பழசக் கெளறாதீங்க. வெள்ளிக்கிழமை லிஸ்ட்டு. உங்க பேரத்தான் மேல அனுப்பி வச்சிருக்கேன்.”

“இக்கரையில மஞ்சள் அப்படியே இருக்குமே சார்.”

“பாலம் இல்லன்னு படம் இருக்குதா?”

“பாலம் இருக்குதுன்னு படம் இருக்குதா சார்?”

திருமுருகன் ஒரு நகத்தைக் கடித்தான். “நாலு மாசமா ஒருத்தனும் கம்ப்ளெய்ன்ட் பண்ணல. யாருக்கா போகப் போறாங்க அந்த ரோட்டுல?”

“போறவன் போறான். யாரும் போகாத ரோட்டுக்கா ஆறு வருசமா நமக்குச் சம்பளம் குடுக்குறான்?”

“சரி, சரி. இருங்க, பேஜாரு பண்ணாதீங்க.” அவன் படிவத்தைத் திறந்தான். பிழைக்குக் காரணம் என்ன என்று கேட்கிற இடத்தில் ஒரு பட்டியல் விரிந்தது. “இதப் பாருங்க. படம் தெளிவில்லைன்னு இருக்குது. அதப் போட்டா உங்க ஸ்கோர்ல ஒண்ணும் கைவைக்காது. நீங்களும் தப்பிச்சீங்க, நானும் தப்பிச்சேன்.”

அவள் அந்தப் பட்டியலைப் படித்தாள். படம் தெளிவில்லை என்று போட்டால் என்ன நடக்கும் என்பது அவளுக்கு மனப்பாடம். மறுபடி படம் எடுக்க வேண்டிய சாலைகளின் வரிசையில் அது போய் நிற்கும். கார் திரும்ப அந்த மலைக்குப் போகிற வரைக்கும் பழைய நிறம் மாறாது. போன தடவை வரிசையில் போட்ட ஒரு சாலைக்குக் கார் போய்ச் சேரப் பதினாலு மாதம் ஆனது. பணியாளர் பிழை என்று போட்டால் அன்றைக்கே நிறம் மாறும். பழைய ஃபைலின் பிழையானாலும் ஸ்கோரும் அன்றைக்கே மாறும்.

“படம் கண்ணாடி மாதிரி இருந்துது சார். கல்லு ஒண்ணொண்ணா எண்ணலாம். தெளிவில்லாம இருந்தது நான்தான்.”

“பதினெட்டுத் துண்டுக்கா. ஒண்ணு ரெண்டு இல்ல. கூட்டிப் பாத்தீங்களா?”

பார்த்திருந்தாள். மூன்று மாதக் கணக்கில் சோதனைக்கு எடுப்பது ஆயிரத்து ஐந்நூறு துண்டு. ஏற்கனவே இருபத்தேழு பிழை. பதினெட்டையும் சேர்த்தால் நாற்பத்தைந்து. சரியாகத் தொண்ணூற்றேழு.

“மூணு வருசமா கேட்டுக்கினு இருந்த ஷிஃப்ட்டு இது,” என்றான் திருமுருகன். அவன் குரலில் உண்மையாகவே ஒரு வருத்தம் இருந்தது. அதுதான் அவளுக்கு இன்னும் வெறுப்பாக இருந்தது. கெட்டவனாக இருந்திருந்தால் சண்டை போட்டுவிட்டுப் போயிருக்கலாம். அவனோ அவளுக்கு நல்லது செய்வதாக நினைத்துக்கொண்டு அந்தப் பொய்யைத் தட்டில் வைத்து நீட்டிக்கொண்டிருந்தான். அவளும் அதை வாங்கத் தெரிந்தவள் என்று நம்பியிருந்தான். ஸ்ரீநிதியின் முகம் ஒரு தரம் வந்து போனது. ஐந்தரை மணி டிபன் பாக்ஸும் வந்து போனது.

“கொஞ்சம் நகருங்க சார்.”

அவன் மவுசைத் தன் புடவைத் தலைப்பால் துடைத்துவிட்டுப் பணியாளர் பிழை என்பதைத் தேர்ந்தெடுத்தாள். குறிப்பு எழுதுகிற கட்டத்தில், இரண்டு ஊரிலும் சாலை முழுக்கத் தானியம் காய்கிறது, கற்கள் குறுக்கே உள்ளன, இரண்டுக்கும் இடையில் வண்டி போனதற்கு அடையாளம் இல்லை, பாலத்தைச் சரிபார்க்கவும் என்று தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் எழுதி, எழுத்துப்பிழை இருக்கிறதா என்று இரண்டு தரம் படித்து, அனுப்பினாள்.

வெள்ளிக்கிழமை காலை குழுவில் ராஜ்குமாரின் பெயர் வந்தது. கை தட்டும் பொம்மைகள் வரிசையாக வந்தன. அவன் எழுந்து வந்து அவள் நாற்காலிக்குப் பக்கத்தில் நின்றான். பாவமாக இருந்தது அவன் நின்ற விதம்.

“அக்கா, நான் போய்க் கேக்கலக்கா. சத்தியமா.”

“தெரியும். போய் உக்காரு.”

“நீங்க பண்ணது பைத்தியக்காரத்தனம்னு எல்லாரும் சொல்லிக்கினு இருக்காங்க.”

“நீ என்னா சொல்ற?”

அவன் தலையைச் சொறிந்தான். “நானா இருந்தா படம் தெளிவில்லைன்னு போட்டிருப்பேன்க்கா.”

“நல்லா போட்டிருப்ப. நாளையிலேர்ந்து கையெழுத்து உன்னோடது. எவனாவது அப்படிப் போட்டுக்கினு வந்தா மொதல்ல அந்தப் படத்தத் தொறந்து பாரு. அது தெளிவா இருந்துதுன்னா, அவனச் சும்மா வுடாத.”

“சரிக்கா,” என்று சொல்லிவிட்டு நகர்ந்தான். அவன் மேசையில் அதற்குள் யாரோ ஜாங்கிரிப் பெட்டியைத் திறந்துவிட்டார்கள். ஜீரா கீபோர்டில் சொட்டிக்கொண்டிருந்தது. அவள் கண்ணைத் திருப்பிக்கொண்டாள்.

தன் வேலையைத் தொடங்கும் முன்னால் கத்தாழைப் பள்ளத்தாக்கைத் திறந்து பார்த்தாள். திருத்தம் ஏறியிருந்தது. இக்கரை ஊர்க் கடைசியிலிருந்து அக்கரை ஊர் வரைக்கும் கோடு சாம்பலாக மாறியிருந்தது. ஸ்கோர் இருக்கிற மூலையில் தொண்ணூற்றேழு என்று இருந்தது. அதைப் பார்த்துவிட்டு, வழக்கம் போலத் துண்டுகளை ஒவ்வொன்றாக விரல் வைத்து எண்ணினாள். பாலத்துக்கு இந்தப் பக்கம் பதினொன்று. அந்தப் பக்கம் ஏழு. பதினெட்டும் சாம்பல்.

நடுவில், ஆற்றின் மேல், நாற்பது மீட்டருக்கு ஒரு மஞ்சள் கோடு நின்றது.

பாலங்களுக்குத் தனி எண், தனி அடுக்கு. சாலைத் துண்டைத் திருத்தினால் பாலம் தானாக மாறாது. அது அவளுக்குத் தெரியும், ஆறு வருடமாகத் தெரியும். புதன்கிழமை ஆத்திரத்தில் மறந்திருக்கிறாள். வரைபடத்தில் அந்த மலையில் வழியே இல்லை. ஆனால் இல்லாத பாலத்தின் மேல் மட்டும் லாரி போகலாம்.

எழுந்து திருமுருகனின் மேசைக்குப் போனாள்.

“படிவத்த இன்னொரு தரம் தொறந்து விடுங்க சார்.”

“மறுபடியுமா?”

“பாலம் மஞ்சளாவே இருக்குது.”

அவன் எட்டிப் பார்த்தான். பெருமூச்சு விட்டான். “மேடம், சுத்தியும் சாம்பல் ஆயிடுச்சு. எந்த வண்டி எப்படி அது மேல ஏறும்? பறந்து வந்தா ஏறும். இன்னொண்ணு ஏத்துனா தொண்ணூத்தேழுக்குக் கீழ போயிடுவீங்க. கீழ போனா ட்ரெயினிங் பேட்ச்சு. புதுசா சேந்த புள்ளைங்களோட ரெண்டு வாரம் மவுசு புடிக்கக் கத்துக்கினு உக்காரணும்.”

“உக்கார்றேன்.”

“உங்களுக்குப் பாடம் எடுக்கப் போறதே நான்தான்.”

“அதுக்குத்தான் யோசிக்கிறேன்,” என்றாள் அனந்தமதி. “இருந்தாலும் தொறங்க.”

காரணம் கேட்கிற பட்டியல் விரிந்தது. பணியாளர் பிழை. அனுப்பினாள். தன் இடத்துக்கு வந்து அடுத்த ஃபைலை எடுத்து, வேறொரு பள்ளத்தாக்கில் ஜல்லிச் சாலையைக் குறித்துக்கொண்டே இருந்தாள். பத்து நிமிடத்துக்கு ஒரு தரம் பழைய பக்கத்தைப் புதுப்பித்துப் பார்த்தாள். மூலையில் எண் முதலில் மாறியது, தொண்ணூற்றாறு புள்ளி ஒன்பது. பாலம் பதினொன்றே முக்காலுக்குத்தான் சாம்பலானது.

முதலிலிருந்து விரல் வைத்து எண்ணினாள். பத்தொன்பது.